நஸ்ரின் ஒதுக்கிய கற்கள்

ஆம்பூருக்குச் செருப்பு வாங்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். அது முழுப் பொய் இல்லை. நான் ஆம்பூர் போவது தெரிந்ததும் தூத்துக்குடியில் என் சொந்தபந்தம் மொத்தமும் தாளில் பாதத்தை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து கொடுத்துவிட்டார்கள். என் கொழுந்தனார் மட்டும் இரண்டு பாதத்தையும் தனித்தனியாக வரைந்திருந்தார். இடது கால் கொஞ்சம் பெரிதாம். இத்தனை கால்களையும் பையில் சுமந்துகொண்டு ரயிலேறிய எனக்கு மனசு முழுக்க இருந்தது ஒரே ஒரு கல்.

அந்தக் கல்லின் படத்தை என் போனுக்கு அனுப்பியவள் நஸ்ரின். சென்னையில் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் வேலை பார்க்கிறாள். பதனிட்டு வந்த தோலை மேசையில் விரித்து, தடவிப் பார்த்து, எது முதல் தரம், எது இரண்டாம் தரம், எதை ஒதுக்க வேண்டும் என்று பிரிக்கிற வேலை. படத்தில் அவளுடைய உள்ளங்கை தெரிந்தது. அதன் நடுவில் பால் வெள்ளையாக ஒரு வெங்கச்சங்கல் துண்டு. அடி அகலம், நுனி கூர், இரண்டு ஓரமும் சின்னச் சின்னப் பல்லாகச் செதுக்கியிருந்தது. கூடவே ஒரு வரி: "ஜெசி, இது இன்னாடி? கால்ல குத்திச்சு."

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் கத்தியே விட்டேன். அம்புமுனை! கல்லால் செய்த அம்புமுனை! பக்கத்து நாற்காலி கணக்கு டீச்சர், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி எழுந்துவிட்டார்.

நான் புவியியல் டீச்சர். லீவு கிடைத்தால் எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் தலையைக் குனிந்தபடி நடப்பது என் பைத்தியம். அங்கே பழங்காலத்துச் சின்னச் சின்னக் கல்கருவிகள் கிடக்கும். ஆனால் காற்று மணலை இன்றைக்கு இங்கே குவிக்கும், நாளைக்கு அங்கே தள்ளும். எந்தக் கல் எந்த மண்ணில் இருந்தது என்று சொல்லவே முடியாது. விட்டுப்போன இடத்திலேயே மண்ணில் பதிந்து கிடக்கிற ஓர் அம்புமுனையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

நஸ்ரினுக்கு வேறொரு அவசரம். கணவரோடு தோல் வாங்கப் போனபோது அவள் கல்லை எடுத்தது ஒடுகத்தூருக்கு அப்பால், மலையடிவாரத்து ஓடையில். வேலூரில் இருக்கும் தொல்லியல் அதிகாரியிடம் போனில் பேசியிருக்கிறாள். ஓடையில் ஒற்றையாகக் கிடைத்த கல் மலையிலிருந்து உருண்டுகூட வந்திருக்கலாம், மண்ணுக்குள் பதிந்தபடி ஒன்றைக் காட்டினால் வருகிறேன், கையை மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார் அவர். நியாயமான பேச்சுதான். சிக்கல் என்னவென்றால், அந்த ஓடையில் தரைப்பாலம் கட்ட திங்கட்கிழமை ஜேசிபி வந்து கரையை வெட்டப் போகிறது. அதற்குள் இன்னொன்றைக் கண்டுபிடிக்காவிட்டால் அவள் கண்டது கடைசிவரை வெறும் கல்தான். "நீ வந்தாதான் ஆவும்," என்றாள். வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. வேலூரைத் தாண்டி ரயில் பாலாற்றைக் கடந்தபோது ஆற்றைத் தேடினேன். மணலும் முள்ளும் நாணலும் கண்ணுக்கு எட்டிய வரை போயின. எங்கள் தாமிரபரணி எவ்வளவு வற்றினாலும் ஓர் ஓரத்திலாவது துணி துவைக்கத் தண்ணீர் ஓடும். எதிர் இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொந்த வீட்டைக் குறை சொன்ன மாதிரி ரோஷப்பட்டார். "இப்போ பாத்து எடை போடாதீங்கம்மா. மழை வர்ற வருஷம் வந்து பாருங்க, ரெண்டு கரையும் தொட்டுக்கினு போவும்."

காட்பாடியில் வண்டி மாற வேண்டும். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் பெட்டியும் கிதாருமாக நடைமேடை முழுக்க நின்றார்கள். அந்தக் கூட்டம் ஏறிய வண்டியிலேயே நானும் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, இட்லியைப் பிரித்தேன். ஆம்பூர் எப்போது வரும் என்று கேட்டதும் பக்கத்துப் பெண் திகைத்துப் போனாள். "ஆன்ட்டி, இது சென்னைக்குப் போவுது!" புவியியல் டீச்சருக்குத் திசை தெரியவில்லை. வாலாஜாரோட்டில் இறங்கி, மறுபடி காட்பாடி வந்து, ஆம்பூர் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது.

நிலையத்துக்கு வெளியே நஸ்ரினும் அவள் கணவர் ரஃபீக்கும் ஒரு டாடா ஏஸ் வண்டியோடு காத்திருந்தார்கள். ரஃபீக்குக்கு கிராமத்துக் கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் வாங்கி, உப்பு போட்டு, ஆம்பூர் மண்டியில் கொடுக்கிற தொழில். வண்டி காலியாக இருந்தும் வாசனை காலியாகவில்லை. நான் முந்தானையை மூக்கருகில் கொண்டுபோனதை நஸ்ரின் பார்த்துவிட்டாள். "எனக்கு ஒண்ணுமே தெர்லயே," என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

நேராக பிரியாணிக் கடைக்குப் போனோம். சீரக சம்பா அரிசி, சிவப்பு மிளகாய் அரைத்துப் போட்ட கறி, ஓரத்தில் புளிப்பாகக் கத்தரிக்காய். எங்கள் ஊர் பொரித்த பரோட்டாவுக்கு ஈடு இந்த உலகத்தில் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன், ஆனால் முன்பு போலக் குரலை உயர்த்திச் சொல்ல மாட்டேன். ரஃபீக் என் இலையில் இன்னொரு கரண்டி போடச் சொல்லிவிட்டு மனக்குறையைக் கொட்டினார்.

"சிஸ்டர், நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. பீங்கான் ஓட்டை வெச்சிக்கினு ஒரே பேஜார் பண்றா."

அவள் அவரிடம் உருதுவில் ஏதோ படபடவென்று பொரிந்தாள். அவரும் உருதுவில் பதில் சொன்னார். நான் மாறி மாறிப் பார்த்தேன். நஸ்ரின் எனக்காகத் தமிழில் சொன்னாள்: "ஆபீசர் வந்து பாத்து, கழுவிக் குடுத்துட்டுப் போவாராம், வீட்ல தட்டு பக்கத்துல வெச்சிக்கலாமாம். எப்படிப் பேசறாரு பாரு."

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அந்தக் கல்லை அவள் எடுத்துக் காட்டிய விதத்தில் சிரிப்பு இல்லை. ஒரு பழைய சுர்மா மை டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் படுக்க வைத்திருந்தாள். நான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரங்களில் வெளிச்சம் ஊடுருவி வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

"இது பீங்கான் இல்ல, ஏட்டி. இது ஒருத்தன் ஒக்காந்து செஞ்சது," என்றேன்.

"அதை எல்லாரும் சொல்லணும்டி," என்றாள் அவள். "நீ மட்டும் சொன்னா பத்தாது. தொட்டுப் பாத்தே தோல்ல இன்னா இருக்குன்னு சொல்றவ நான். இதைத் தொட்டப்பவே கை சொல்லிச்சு. ஆனா கேக்கறவங்க சிரிக்கறாங்க."

சனிக்கிழமை. ஏற்றுமதி நேரத்தில் லீவா என்று மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். இருந்தும் லீவு போட்டுவிட்டாள். மாதனூர் வழியாக ஒடுகத்தூர் போகும் பஸ் பாதி வழியில் டயரைத் தொலைத்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்து, "அரை மணி ஆவும்," என்று சொல்லிவிட்டுப் புளியமரத்தடியில் போய்ப் படுத்தார். அவர் படுத்த தோரணையைப் பார்த்தால் அரை மணியில் முடியும் என்று தோன்றவில்லை. பின்னால் வந்த டிராக்டரை நஸ்ரின் கைகாட்டி நிறுத்தினாள். பெட்டி நிறையப் பிடுங்கிய கடலைச் செடி. எங்களை அதன் உச்சியில் ஏற்றிவிட்டு, "மல்லாட்ட எவ்ளோ வேணும்னாலும் தின்னுங்க, செடியை மட்டும் கீழ தள்ளாதீங்க," என்றார் ஓட்டுநர். நாங்கள் கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். பச்சையாக உரித்துத் தின்றால் பால் வாசம் அடிக்கிறது. இரண்டு பக்கமும் நெல் வயல், எதிரே காடு போர்த்திய மலை. டீச்சர் என்பதை மறந்து டிராக்டர் உச்சியிலிருந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டினேன்.

ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் தெளிவாக ஓடியது. பாலாற்றைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதுவே பெரிய ஆறாகத் தெரிந்தது. கரையெங்கும் கல். சாம்பல் கல், கறுப்புக் கல், நடுநடுவே வெங்கச்சங்கல். நஸ்ரினை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். தானாக உடைந்த கல் எப்படியிருக்கும், மனுஷன் தட்டி உடைத்தால் சில்லு பெயர்ந்த இடம் எப்படிச் சிப்பி மாதிரி குழிந்திருக்கும், ஓரத்தில் வரிசையாகச் செதுக்கிய தடம் எப்படித் தெரியும் என்று போனில் படங்களைக் காட்டி விளக்கினேன். "தெரிஞ்சிடுச்சு போ," என்று என்னைத் துரத்தினாள்.

அவள் தேடிய விதத்தைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்து, ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்த இடத்தில் சுற்றியிருந்த அத்தனை கல்லையும் கையால் வாரி, ஒரு தடவு தடவி, வைத்துக்கொள்ள வேண்டியதை வலப்பக்கம் பைக்குள் போட்டுவிட்டாள். முடிந்ததும் எழுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி உட்கார்ந்தாள். வாயில் ஏதோ பாட்டு. பை கனத்துக்கொண்டே போனது. நான் வெறுங்கையோடு மேலும் கீழும் நடந்தேன்.

ஆடு மேய்க்க வந்த முனியம்மா என்கிற பெண் எங்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னாம்மா தொலைச்சீங்க? கம்மலா?"

"இல்லக்கா, கல்லு தேடுறோம்," என்றேன்.

"கம்மல் கல்லா?"

இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. பாவம், எங்கள் கம்மலை அவரும் தேட ஆரம்பித்துவிட்டார். தேடிக்கொண்டே ஊர்க்கதையும் சொன்னார். மழைக்காலத்தில் இந்த ஓடை பொங்கினால் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு கடக்க முடியாதாம், போன மழைக்கு அவருடைய ஆடு ஒன்று அடித்துப் போய்விட்டதாம், ஊரே கேட்டுக் கேட்டு இப்போதுதான் பாலம் வருகிறதாம். ஜேசிபி எங்கே வெட்டும் என்று கேட்டேன். நாங்கள் நின்றுகொண்டிருந்த கரையையே காட்டினார்.

மாலை ஆம்பூர் வந்ததும் நஸ்ரின் கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பையைக் கவிழ்த்தாள். குனிந்து பார்த்தேன். அத்தனையும் கூழாங்கல். வழவழவென்று, பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல், மீன் தொட்டியில் போடுகிற மாதிரி அழகான கூழாங்கல்.

"ஏட்டி, வெட்டு விழுந்த கல்லு ஒண்ணுகூடவா இல்ல?" என்றேன்.

"இருந்துச்சே. நெறைய இருந்துச்சு. கத்தி பட்ட மாதிரி, ஓரமெல்லாம் கடிச்ச மாதிரி..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கை தானாக வாயைப் பொத்தியது. "யா அல்லா. ஒதுக்கிட்டேன்டி."

கத்தி வெட்டு, முள் கீறல், உண்ணி கடித்த குழி. தோலில் இதில் எது விரலில் தட்டுப்பட்டாலும் அது ரிஜெக்ட். அத்தனை வருஷம் பழகிய கை. முதல் கொஞ்ச நேரம் நான் சொன்னதை நினைவு வைத்துத் தேடியிருக்கிறாள். பாட்டு வர ஆரம்பித்ததும் கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. ஆதிமனிதன் மெனக்கெட்டுச் செதுக்கிய கல்லையெல்லாம் ஏற்றுமதிக்கு ஆகாது என்று தள்ளிவிட்டாள்.

ரஃபீக் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், பாதியில் அழுகை வந்தது. ஒரு முழு நாள் போய்விட்டது. இருந்தது ஞாயிறு ஒன்றுதான். நஸ்ரின் சிரிக்கவில்லை. கூழாங்கற்களுக்கு நடுவில் உட்கார்ந்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட்டி தூக்கிப் போட்ட? தண்ணிக்குள்ளயா?" என்றேன்.

"தூக்கிப் போடலயே," என்றாள் மெதுவாக. "ரிஜெக்ட்டை யாரு தூக்கிப் போடுவாங்க? அதையும் கணக்குக் காட்டணும் இல்ல? எடது பக்கமா அடுக்கித்தான் வெப்போம்." அவள் முகம் மாறியது. "ஜெசி! அடுக்கித்தான்டி வெச்சிருக்கேன்! ஒக்காந்த எடத்துல எல்லாம் எடது பக்கம் அடுக்கி வெச்சிருக்கேன்!"

நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சின்னப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் குதித்ததில் கீழ் வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று கேட்டு மேலே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடைகளுக்குப் பெரிய நாள் என்பதால் ரஃபீக் விடியும்போதே ஒடுகத்தூர் பக்கம் கிளம்பினார். நாங்களும் உப்பு மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டோம். ஓடை வந்ததும் நஸ்ரின் வண்டி நிற்பதற்குள் குதித்தாள்.

குவியல்கள் இருந்தன! கரையோரமாக, அவள் உட்கார்ந்து எழுந்த வரிசையிலேயே, சின்னச் சின்னக் கோபுரமாக இருந்தன. ஆனால் ஒரு குவியலின் உச்சியில் மஞ்சள் சாமந்திப் பூ ஒன்று வைத்திருந்தது. எதிரே மண்ணில் அணைந்த கற்பூரக் கறை. நஸ்ரின் விக்கித்து நின்றாள். "நான் ஒதுக்கினதுக்கு யாருடி பூ வெச்சது?"

ஆடுகளோடு வந்த முனியம்மாதான். "நேத்து சாயங்காலம் பாத்தேன். தண்ணியோரமா கல்லு அடுக்கியிருந்துச்சா, யாரோ கன்னிமாருக்கு வெச்சிட்டுப் போய்ட்டாங்கன்னு நெனைச்சேன். நீங்க வெச்சதா?"

கலைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள் நஸ்ரின். முனியம்மா தானே பூவை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டார். "சாமி இல்லன்னா எடுத்துப் பாரு, அதுக்கு இன்னா. கம்மல் கெடைச்சா சரி."

ஒவ்வொரு குவியலாகப் பார்த்தோம். முதல் குவியலில் தட்டி உடைத்த சில்லு ஒன்றிரண்டு. அடுத்ததில் கொஞ்சம் கூட. அதற்கடுத்ததில் இன்னும் கூட. பூ இருந்த குவியலில் முக்கால்வாசியும் அதுதான்! சில்லு பெயர்த்த தாய்க்கல், கத்தி போன்ற மெல்லிய சில்லுகள், நுனி உடைந்த முனை ஒன்று. கடவுளே, முந்தைய நாள் அவள் கை அதைத் தடவிப் பார்த்து ஒதுக்கியிருந்தது. அந்தக் குவியலைத் தாண்டியதும் அடுத்தடுத்த குவியல்களில் மறுபடி சாதாரணக் கற்கள். வரைபடம் வரைந்து அம்புக்குறி போட்டாலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. சில்லுகள் எல்லாம் இந்த ஓரிடத்துக் கரையிலிருந்துதான் உதிர்ந்திருக்கின்றன.

நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். மேலே வண்டல் மண். அதன் கீழே ஒரு சாண் உயரத்துக்குச் சரளை கலந்த சிவந்த மண். அந்தச் சிவப்புக்குள் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் எட்டிப் பார்த்தன. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு முகத்தை மண்ணோடு ஒட்டவைத்து நகர்ந்தேன். ஓர் இடத்தில் நின்றேன்.

ஒரு கூர் நுனி. இரண்டு பக்கமும் பல். மீதி உடம்பு மண்ணுக்குள்.

கையை மட்டும் ஆட்டி நஸ்ரினைக் கூப்பிட்டேன். வந்தாள், பார்த்தாள். அவள் விரல் தானாக அதை நோக்கிப் போனது. "தொடாதட்டி!" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு பேரும் அந்த நுனியின் முன்னால் மண்டியிட்டு, மூச்சு அதன்மேல் படாமல் இருக்க முகத்தைத் திருப்பித் திருப்பி மூச்சு விட்டோம். நான் தேடி அலைந்தது இதைத்தான். விட்டுப்போன இடத்திலேயே கிடந்தது அது. சந்தோஷத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

ஓடையில் சிக்னல் இல்லை. மேட்டின்மேல் ஏறி, ஒரு வேப்பமரத்தடியில் ஒற்றைக் கோடு கிடைத்ததும் நஸ்ரின் அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ கல்யாணத்தில் இருந்தார்; நாதஸ்வரம் எங்களுக்கும் கேட்டது. போட்டோ அனுப்பச் சொன்னார். அது போய்ச் சேர்வதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிறகு அவரே கூப்பிட்டார். காலையில் வருகிறேன், அதுவரை யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். காலையில்தான் ஜேசிபியும் வருகிறது என்றாள் நஸ்ரின். கான்ட்ராக்டரிடம் பேசப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை யாரும் போனை எடுப்பார்களா தெரியவில்லை, எப்படியாவது கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்றார்.

திரும்பும்போது வண்டி நிறைய உப்புத் தோல். நஸ்ரின் அதன்மேல் சாய்ந்துகொண்டு பிஸ்கட் சாப்பிட்டாள். நான் தலையை வெளியே நீட்டியபடி ஆம்பூர் வந்து சேர்ந்தேன். மண்டி பூட்டியிருந்ததால் தோல்கள் இரவு வண்டியிலேயே தங்கின.

திங்கட்கிழமை. அதே தோல்களோடு அதே வண்டியில் போனோம். வேலைக்கு மத்தியானம் வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள் நஸ்ரின். கரைக்கு ஓடினோம். நுனி அப்படியே இருந்தது. எங்களுக்குப் பின்னாலேயே வயல்களுக்கு நடுவில் மஞ்சள் நிறத்தில் ஜேசிபி ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. அதிகாரியைக் காணோம்.

ஓட்டுநர் நல்ல பையன்தான். நஸ்ரின் எதிரே ஓடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். "எனக்குப் புரியுதுக்கா. ஆனா ஓனர் சொல்லாம நிறுத்தினா என்னைக் கேப்பாரு," என்றான். எங்களோடு மேட்டில் ஏறி ஓனருக்குப் போன் போட்டான். அவர் கத்திய கத்தல் எங்களுக்கும் கேட்டது. பையன் இறங்கி வந்து வருத்தத்தோடு கியரைப் போட்டான்.

அப்போதுதான் பாதையில் நின்ற டாடா ஏஸ் மெல்ல நகர்ந்தது. ஓடைக்கு இறங்க அது ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். ரஃபீக் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, பாதையை முழுதாக அடைத்து நிறுத்தினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். சீட்டைத் தூக்கி, கீழேயிருந்த எஞ்சினைக் கவலையோடு பார்த்தார்.

"மக்கர் பண்ணுது தம்பி," என்றார்.

"அண்ணே, இப்பதானே நல்லா ஓடுச்சு?"

"அதான் எனக்கும் புரியல."

நஸ்ரின் வாயைத் திறந்தபடி கணவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஸ்பானரை எடுத்து, முடுக்கி நன்றாக இருந்த ஒரு நட்டைக் கழற்றினார். பிறகு அதையே முடுக்கினார். வெயில் ஏற ஏறத் தோல் வாசனையும் ஏறியது. ஜேசிபி பையன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓடினான். முனியம்மாவின் ஆடுகள்கூட அந்தப் பக்கம் வரவில்லை. ஓனரே நேரில் பைக்கில் வந்தார். வண்டியருகே வந்து இரண்டு வார்த்தை திட்டினார், மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு இழுக்க முடியாமல் பின்வாங்கினார்.

கடைசியில் அதிகாரி வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. கைக்குட்டையால் மூக்கை மூடியபடி வண்டியைத் தாண்டி, வயல் வரப்பில் நடந்து, கரையில் மண்டியிட்டார். பிரஷால் மண்ணைத் துளித்துளியாகத் தள்ளினார், அளந்தார், படம் எடுத்தார், மறுபடி தள்ளினார். நஸ்ரின் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் மரத்துவிட்டன. இரண்டே விரலால் அதை மண்ணிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து, லென்ஸை அதன்மேல் கொண்டுபோனார்.

"ரெண்டு பக்கமும் செதுக்கியிருக்காங்க," என்றார். "உருண்டு வந்திருந்தா ஓரம் இப்படிக் கூரா இருக்காது. செதுக்கின சில்லெல்லாம் சுத்தியே கிடக்கு பாருங்க. இங்கயே உக்காந்து செஞ்சிருக்காங்கம்மா. நீங்க சொன்னது சரிதான்."

நஸ்ரின் அப்படியே தண்ணீரோரம் உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைவதுகூடத் தெரியாமல் அழுதாள். நானும் அழுதேன். கூட்டமாக நின்ற ஊர்க்காரர்களைப் பிளந்துகொண்டு முனியம்மா முன்னால் வந்தார். "அப்போ பாலம் வருமா வராதா, அதைச் சொல்லுங்க சார்."

"வரும்மா. கொஞ்சம் மேல தள்ளி வரும்," என்றார் அதிகாரி. ஓனரை மேட்டுக்குத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். ஓனர் தலையைச் சொறிந்தார், யார் யாருக்கோ போன் செய்தார், கடைசியில் ஜேசிபி பையனைப் பார்த்து மேற்கே கைகாட்டினார். ரஃபீக் சீட்டைப் போட்டுச் சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே வண்டி கிளம்பியது. ஜேசிபி பையன் அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனான்.

அதிகாரி ஓரமாக இருந்த குவியல்களைக் காட்டி யார் பிரித்தது என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு நஸ்ரினிடம், "நாளைலேர்ந்து இந்தக் கரை முழுக்கப் பாக்கணும்மா. என்கிட்ட ஆளு கம்மி. இந்த வாரம் நீங்க கூட இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

அவள் ரஃபீக்கைப் பார்த்தாள். அவர் உருதுவில் ஏதோ சொன்னார், ரொம்ப மெதுவாக. என்ன சொன்னார் என்று கேட்டேன். அதை மட்டும் அவள் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"சார், நஸ்ரின் பேசறேன். இன்னிக்கு வர முடியாது. இந்த வாரம் முழுக்க லீவு வேணும்."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள்.

"ஜுரமெல்லாம் இல்ல சார். நல்லாதான் இருக்கேன்."

மறுபடி கேட்டார்கள். கீழே அதிகாரி கரையோரம் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ரஃபீக் ஒரு முனையைப் பிடித்து நின்றார். நஸ்ரின் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"ஓடையில எனக்கு வேலை இருக்கு, சார்," என்றாள்.